தொங்கு மோனோரயில்: சாய்வு, பாயிண்ட், டயர் – பார்த்தவர்கள் எழுதுங்கள்

இரும்புத்தடம்:
தொங்கு மோனோரயிலில், அதாவது தலைக்கு மேல் போகும் ஒற்றை உத்திரத்தில் பெட்டி தொங்கியபடி ஓடும் ரயிலில், பயணித்தவர்கள், பராமரிப்புப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் எழுதலாம். "சூப்பர் அனுபவம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது, எங்கே மக்கர் பண்ணுகிறது என்பதுதான் வேண்டும்.

தொடங்கி வைக்கிறேன். பெரிதாக இரண்டு குடும்பம் உண்டு. முதலாவது ஜெர்மனியின் வுப்பர்டால், 1901-ல் ஓடத் தொடங்கியது, 13.3 கி.மீ. உத்திரத்தின் மேல் ஒற்றைத் தண்டவாளம். அதன்மேல் இரண்டு பக்கமும் விளிம்பு வைத்த இரும்புச் சக்கரம். சக்கரத்திலிருந்து ஒரு கை உத்திரத்தைச் சுற்றி வளைந்து கீழே இறங்கிப் பெட்டியைப் பிடித்திருக்கும். கை ஒரு பக்கம்தான் என்பதால் வண்டி திரும்பிப் பின்னோக்கி ஓடாது. இரண்டு கோடியிலும் வளையத்தைச் சுற்றித்தான் வரும். அதனால் எப்போதும் ஒரே பக்கம்தான் பிளாட்பாரம். கதவும் அந்தப் பக்கம் மட்டும்தான்.

இரண்டாவது பிரான்சில் உருவான சஃபேஜ் முறை. உத்திரமே அடிப்பக்கம் நீளமாகப் பிளந்த ஓர் எஃகுக் கூடு. சக்கரமெல்லாம் ரப்பர் டயர், கூட்டுக்குள்ளேயே ஓடும். பிளவு வழியாகத் தொங்கு கைகள் மட்டும் வெளியே வரும். ஜப்பானின் ஷோனான் (1970), சிபா (1988) இரண்டும் இந்த வகை. சிபா 15.2 கி.மீ.

ஊசலாட்டம்:
முதல் தடவை ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்பது வளைவில் வரும் சாய்வைத்தான். ஏதோ மோட்டார் வைத்துச் சாய்க்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. பெட்டியின் எடை கீழே, கீல் மேலே. வளைவில் வெளிப்பக்கம் தானாகவே வீசிக்கொள்ளும்.

கணக்கு எளிது: வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் 9.81-ஆலும் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டான்ஜென்ட் கிடைக்கும். 80 மீட்டர் ஆரத்தில் 40 கி.மீ. வேகம் என்றால் சுமார் 9 டிகிரி. அந்தக் கோணத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கவாட்டு இழுப்பே தெரியாது, விசை நேராக இருக்கைக்குள் இறங்கும். தரை ரயிலில் இதற்காக வெளித் தண்டவாளத்தை உயர்த்துவார்கள். அந்த உயரம் ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும், வளைவில் வண்டி நின்றால் உள்பக்கம் சாய்ந்தே நிற்கும். இங்கே நின்றால் பெட்டி நேராகத் தொங்கும், வேகம் கூடக் கூடச் சாயும்.

இதற்கு விலை இடம். கீலிலிருந்து பெட்டியின் அடிப்பாகம் 4 மீட்டர் கீழே இருந்தால், 9 டிகிரிக்கு அது 60 சென்டிமீட்டருக்கு மேல் வெளியே தள்ளும். தூண், மரக்கிளை, எதிர்த்தட வண்டி எல்லாவற்றையும் அந்த அளவுக்கு ஒதுக்கியே வைக்க வேண்டும். பிளாட்பார விளிம்பையும் ஒட்டி வைக்க முடியாது.

காற்றுவாக்கு:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவுச் சாய்வுக்குப் பெட்டியின் எடை ஒரு பொருட்டே இல்லை. காலியோ நிறைந்ததோ, ஒரே கோணம்தான். காற்றில் கதை வேறு. 20 டன் பெட்டி, பக்கப் பரப்பு 42 சதுர மீட்டர், வினாடிக்கு 20 மீட்டர் குறுக்குக் காற்று என்று வைத்தால் மூன்றரை டிகிரி அளவு சாயும். ஆட்கள் ஏறி எடை கூடினால் கோணம் குறையும். ஆக, புயல் நாளில் கவலைப்பட வேண்டியது காலி வண்டியைப் பற்றி.

நிலையான காற்றைவிட விட்டுவிட்டு வீசும் காற்றுதான் ஆபத்து. எடைமையம் கீலுக்கு 2 மீட்டர் கீழே என்றால் ஊசல் ஒரு தடவை போய்வர மூன்று வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். காற்று அதே தாளத்தில் அடித்தால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். ஆட்டத்தைத் தின்பது டேம்பர். அதையும் மீறினால் மேலே ரப்பர் தடுப்பு இடிக்கும். நேர்த்தடத்தில், காற்றில்லாத நாளில், பெட்டி அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது டேம்பரில் எண்ணெய்க் கசிவு உண்டா என்பதைத்தான்.

கிளைத்தடம்:
பாயிண்ட் பற்றி, அதாவது வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் அமைப்பைப் பற்றி, யாரும் வாயே திறக்கவில்லையே! இதில் ரசிக்க வேண்டிய இடமே அதுதான்.

சஃபேஜ் கூட்டில் தடம் இரண்டாகப் பிரியும் இடத்தைக் கீழே நின்று பாருங்கள், பிளவு Y போலப் பிரியும். உள்ளே டயர் ஓடுவது பிளவின் இரு கரையிலும் இருக்கும் தகட்டில். வண்டி இடது கிளைக்குப் போனால், அதன் வலது டயர் வலது கிளையின் பிளவைத் தாண்டியாக வேண்டும். அங்கே தரை கிடையாது. ஆகவே கூட்டுக்குள் ஒரு நகரும் துண்டு, வேண்டாத பிளவை மூடி டயருக்குத் தரையாகவும், வண்டி விலகாமல் கூட்டின் சுவரை ஒட்டி உருளும் பக்கச் சக்கரத்துக்குச் சுவராகவும் நிற்கும். அது முழுதாக நகர்ந்து பூட்டிக்கொண்டதை உணரி உறுதி செய்த பிறகே சிக்னல் விழும். உத்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து ஓடும் மோனோரயிலில் உத்திரத்தையே வளைத்து நகர்த்த வேண்டும். அதோடு ஒப்பிட்டால் இங்கே நகர்வது சின்னத் துண்டு, அதுவும் மழை படாத இடத்தில்.

இரும்புத்தடம்:
கிளைத்தடம் சார், அருமை. பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். கூட்டுக்குள் ஓடும் சக்கரம் தடம் புரண்டு கீழே விழ வழியில்லை, பிளவு அதைவிட ஒடுக்கம். வுப்பர்டாலிலும் சாதாரண ஓட்டத்தில் சக்கரம் கழன்று வருவது கிட்டத்தட்ட நடக்காது. ஆனால் 1999 ஏப்ரல் 12 அதிகாலை, பராமரிப்பு வேலைக்காகத் தடத்தில் மாட்டியிருந்த எஃகுக் கவ்வியைக் கழற்றாமல் விட்டதால் முதல் வண்டி அதில் மோதித் தடத்துக்குக் கீழே ஓடும் ஆற்றுக்குள் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். 2018 நவம்பரில் வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் மின்தண்டவாளம் சுமார் 350 மீட்டர் பிய்ந்து கீழே விழுந்து, 2019 ஆகஸ்ட் வரை சேவை நின்றது. இரண்டிலும் சிக்கல் தொங்குவதால் வந்ததல்ல. தடத்தில் மாட்டிய ஒவ்வொரு கருவியையும் எண்ணிக் கீழே இறக்கிக் கையெழுத்துப் போடாமல் வண்டியை விடக் கூடாது, அவ்வளவுதான்.

உண்மையான பலவீனம் நடுவழியில் நின்றால் இறங்குவது. நடைபாதை கிடையாது. முதல் முயற்சி, பின்னால் வரும் வண்டியை வைத்துத் தள்ளி அடுத்த நிலையம் சேர்ப்பது. அடுத்தது, பக்கத்துத் தடத்தில் இன்னொரு வண்டியை நிறுத்திப் பலகை போட்டு மாற்றுவது. அதுவும் ஆகாவிட்டால்தான் ஏணி வண்டி, கயிற்று இறக்கி. கீழே ஆறு ஓடினால் ஏணி வண்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

ரப்பர்மணம்:
டயர் பஞ்சர் ஆனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: பாரம் தாங்கும் டயருக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் சிறிய துணைச் சக்கரம் இருக்கும். காற்று இறங்கினால் சில சென்டிமீட்டர் தாழ்ந்து அதன்மேல் உட்காரும். மெதுவாக நிலையம் வரை போய்விடலாம். அடிக்கடி தேய்வது பக்கச் சக்கரங்கள், அதுவும் வளைவு அதிகமுள்ள தடத்தில் ஒரு பக்கமாகவே தேயும். இடது, வலது தேய்மானத்தைத் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். தேய்மானம் திடீரென்று ஒரு பக்கம் கூடினால் டயரைக் குறை சொல்லாமல் உத்திரத் துண்டுகள் சேரும் இணைப்பில் ஒன்றுக்கொன்று மட்டம் விலகிப் படி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி விழுந்திருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். கூடு வெற்றாக இருப்பதால் டக், டக் என்று தெருவுக்கே கேட்கும்.