தானியேல் ஆகமம்: பாபிலோனில் எழுதியதா, மக்கபேயர் காலத்தில் எழுதியதா?

வேதமாணவன்:
தானியேல் புத்தகத்தை பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன தானியேல் எழுதவில்லை, அவருக்கு ஏறக்குறைய நானூறு வருடம் கழித்து, யூதர்கள் கிரேக்க அரசை எதிர்த்துக் கிளர்ந்த மக்கபேயர் காலத்தில் (கி.மு. 2-ம் நூற்றாண்டு), யாரோ எழுதி அவர் பெயரில் விட்டார்கள் என்று இறையியல் படித்த இளைஞர்களே இப்போது சபையில் பேசுகிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் வந்து மறுக்கட்டும்.

5-ம் அதிகாரத்தில் வரும் பெல்ஷாத்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். பாபிலோனின் கடைசி ராஜா நபோனிதஸ் என்றுதான் பழைய கிரேக்க ஆசிரியர்கள் வழியாகத் தெரியும். பெல்ஷாத்சார் என்ற பெயர் அவர்களிடம் இல்லை. அதனால் அவர் கற்பனைப் பாத்திரம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 1854-ல் ஊர் நகரத்து இடிபாடுகளில் களிமண் உருளைகள் கிடைத்தன. அவற்றில் நபோனிதஸ் தன் மூத்த மகன் பெல்ஷாத்சாருக்காகச் சந்திர தெய்வத்திடம் வேண்டுகிறான். சுவரில் எழுந்த எழுத்தை வாசிப்பவனுக்கு ராஜ்யத்தில் 'மூன்றாம் அதிபதி' பதவி என்று வேதம் சொல்கிறதே, ஏன் இரண்டாம் இடம் இல்லை? தகப்பன் முதல், மகன் இரண்டாவது. கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸுக்கே தெரியாத இந்த விவரம் கி.மு. 2-ம் நூற்றாண்டில் எருசலேமில் இருந்த ஒருவருக்கு எப்படித் தெரிந்தது?

ஓலைச்சுவடி:
பெல்ஷாத்சார் இருந்தார், அதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதே அதிகாரம் அவர் தகப்பன் நேபுகாத்நேச்சார் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. நபோனிதஸ் அந்த வம்சமே இல்லை. அடுத்து, பெல்ஷாத்சார் கொலையானதும் மேதியனான தரியு ராஜ்யத்தை எடுத்துக்கொண்டான் என்கிறது. பாபிலோன் கி.மு. 539-ல் பாரசீக ராஜா கோரேசின் படையிடம் விழுந்தது. அந்தக் காலத்து வியாபாரக் களிமண் பலகைகளில் தேதி போடும்போது ராஜாவின் பெயரையும் எழுதுவார்கள். நபோனிதஸுக்குப் பிறகு அவை நேரே கோரேசுக்குப் போகின்றன. நடுவில் தரியு என்று ஒருவர் இல்லை.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள். 11-ம் அதிகாரம்தான் முக்கியம். தென்றிசை ராஜா என்றால் எகிப்தின் தாலமி வம்சம், வடதிசை ராஜா என்றால் சிரியாவின் செலூக்கிய வம்சம். 6-ம் வசனத்தில் வடக்கே மணம்முடித்துப் போகும் ராஜகுமாரி பெரெனீஸ். 11-ம் வசனத்துப் போர் கி.மு. 217-ல் ராபியாவில் நடந்தது. 30-ம் வசனத்தில் கித்தீமின் (இங்கே ரோமரின்) கப்பல்கள் வந்து ராஜாவைத் திருப்பி அனுப்புகின்றன. கி.மு. 168-ல் எகிப்தைப் பிடிக்கப்போன செலூக்கிய ராஜா அந்தியோக்கஸ் எப்பிபானேஸை ரோமத் தூதர் பொப்பிலியஸ் மறித்து, அவரைச் சுற்றி மணலில் வட்டம் போட்டு, பதில் சொல்லிவிட்டு வெளியே வா என்றார். அந்தியோக்கஸ் பின்வாங்கினார். 31-ம் வசனத்தில் அன்றாட பலி நிற்கிறது, ஆலயத்தில் அருவருப்பு வைக்கப்படுகிறது. அது கி.மு. 167.

இதுவரை ஒவ்வொரு அடியும் பொருந்துகிறது. 40-ம் வசனத்திலிருந்து பொருந்தவில்லை. ராஜா மறுபடியும் எகிப்துக்குள் புகுந்து அதன் பொக்கிஷங்களைப் பிடிப்பான், கடலுக்கும் பரிசுத்த பர்வதத்துக்கும் நடுவே கூடாரம் போடுவான், முடிந்துபோவான் என்கிறது. அந்தியோக்கஸ் எகிப்துக்குத் திரும்பவே இல்லை. கி.மு. 164-ல் பாரசீகப் பக்கம் செத்தார். ஆலயம் தீட்டுப்பட்டதைக் கண்ணால் பார்த்த, ராஜாவின் சாவுச் செய்தி இன்னும் வந்து சேராத ஒருவர்தான் இப்படி எழுத முடியும். கி.பி. 3-ம் நூற்றாண்டில் தத்துவஞானி போர்ஃபிரி சொன்ன வாதத்தின் மையமே இதுதான். அவர் நூல்களை எரித்துவிட்டார்கள். மறுப்பு எழுதிய சபைப் பிதா ஜெரோம் வழியாகத்தான் அந்த வாதம் நம் கைக்கு வந்திருக்கிறது.

வேதமாணவன்:
ஐயா, போர்ஃபிரி கிறிஸ்தவத்தை எதிர்த்துப் பதினைந்து புத்தகம் எழுதியவர். தீர்க்கதரிசனம் என்று ஒன்று நடக்கவே நடக்காது என்று முடிவுகட்டிவிட்டு ஆரம்பித்தால், நிறைவேறிய ஒவ்வொரு வசனத்தையும் பின்னால் எழுதியது என்றுதான் சொல்லவேண்டி வரும்.

'தகப்பன்' என்று முன்னோனையும், முன்பு ஆண்டவனையும் சொல்வது அந்த மொழிகளில் வழக்கம். தரியு, கோரேசுக்காகப் பாபிலோனைப் பிடித்த தளபதியாக இருக்கலாம். இது ஒன்றும் மூடிமறைக்கிற விஷயம் இல்லை. ஆனால் மத்தேயு 24-ல் கர்த்தரே பாழாக்குகிற அருவருப்பைப் பற்றிப் பேசும்போது 'தானியேல் தீர்க்கதரிசி' என்கிறார். அந்தத் தானியேல் இல்லையென்றால் அவர் யாரைச் சொன்னார்? விசுவாசிக்கு இது தேதிக் கணக்கோடு முடிகிற கேள்வி இல்லை.

ஓலைச்சுவடி:
நிறைவேறிய வசனங்களை வைத்து நான் தேதி சொல்லவே இல்லை, பிரதர். நிறைவேறாத வசனத்தை வைத்துத்தான் சொன்னேன். தேவன் நானூறு வருடத்தை முன்கூட்டியே காட்டினார் என்று நூற்றுக்கு நூறு நம்பினாலும், கி.மு. 165 வரை தெளிவாகக் காட்டிவிட்டு அடுத்த வருடத்தை ஏன் தப்பாகக் காட்டினார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தாமரைக்குளம்:
இரண்டு பேருமே இதை ஒரே கையெழுத்தாக நினைத்துப் பேசுகிறீர்கள். நூல் எபிரேயத்தில் தொடங்கி, 2:4-ல் அரமேயத்துக்கு மாறி, 7-ம் அதிகாரம் முடிய அப்படியே போய், 8-ல் மறுபடி எபிரேயத்துக்கு வருகிறது. முதல் ஆறு அதிகாரத்துக் கதைகளில் வரும் மன்னர்களைப் பாருங்கள். தானியேலைச் சிங்கக்கெபியில் போட்ட தரியு ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல், தூங்காமல் கிடக்கிறான். நேபுகாத்நேச்சார் கடைசியில் கடவுளைப் புகழ்கிறான். விருத்தசேதனம் செய்த குழந்தைகளின் தாய்களைக் கொன்ற அந்தியோக்கஸின் காலத்தில், அந்நிய மன்னனைப் பற்றி இவ்வளவு பரிவோடு ஒருவர் புதிதாகக் கதை கட்டியிருப்பாரா?

சாக்கடலோரம் பழைய சுருள்கள் கிடைத்த கும்ரானில், 4-ம் குகையில் 'நபோனிதஸின் ஜெபம்' என்ற அரமேயத் துண்டு கிடைத்திருக்கிறது. பாபிலோன் மன்னன் நபோனிதஸ் தேமானில் ஏழு வருடம் கொடிய புண்ணால் அவதிப்படுகிறான், ஒரு யூதர் அவனுக்கு உண்மைக் கடவுளை எடுத்துச் சொல்கிறார். தானியேல் 4-ல் ஏழு காலம் புல் மேய்ந்தவன் நேபுகாத்நேச்சார். நபோனிதஸ் பத்து வருடம் அரேபியாவின் தேமாவில் (துண்டில் தேமான்) தங்கியதை ஹாரான் கல்வெட்டில் அவனே சொல்கிறான். அந்தக் கதை முதலில் நபோனிதஸைப் பற்றியது, புகழ்பெற்ற பெயருக்குப் பின்னால் மாறியிருக்கிறது என்றே நினைக்கிறேன். பெல்ஷாத்சாருக்கு நேபுகாத்நேச்சார் தகப்பன் ஆனதும் இப்படித்தான். சிறைப்பட்டுப் போனவர்களின் பிள்ளைகள் பாபிலோனிலேயே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதைகள் இவை. வேதமாணவன் கேட்ட 'எப்படித் தெரிந்தது' என்பதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் பதில். 7 முதல் 12 வரையுள்ள காட்சிகளுக்கு ஓலைச்சுவடி சொல்லும் காலம்தான் சரி.

வேதமாணவன்:
அக்கா, கதைகள் பழையவை என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி. காட்சிகளுக்கும் வருகிறேன். கும்ரானில் தானியேலின் எட்டு பிரதிகள் கிடைத்தன. அதில் 10, 11 அதிகாரத் துண்டுகள் உள்ள ஒரு சுருளை எழுத்து வடிவத்தை வைத்து கி.மு. 2-ம் நூற்றாண்டின் கடைசி என்றார்கள். 2025-ல் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் கார்பன் சோதனை முடிவை வெளியிட்டார்கள்: கி.மு. 230 முதல் 160 வரை. எழுதியதாக நீங்கள் சொல்லும் வருடத்துக்கு முன்பே பிரதி இருந்திருக்க நல்ல இடம் இருக்கிறது.

ஓலைச்சுவடி:
இடம் இருக்கிறது. ஆனால் 164-ம் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. தோல் எப்போது தயாரானது என்பதைத்தான் கார்பன் சொல்லும், மை பட்ட நாளைச் சொல்லாது. 40-ம் வசனத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

வேதமாணவன்:
36-ம் வசனத்திலிருந்தே பேச்சு அந்தியோக்கஸை விட்டு, கடைசிக் காலத்தில் வரப்போகும் அந்திக்கிறிஸ்துவுக்குப் போய்விடுகிறது. ஜெரோமும் இந்த வசனங்களை அந்திக்கிறிஸ்துவைப் பற்றியதாகத்தான் வாசித்தார். உடனே 12-ம் அதிகாரத்தில் மரித்தோர் எழுந்திருக்கிறார்களே, அது அந்தியோக்கஸ் காலத்தில் நடந்ததா?

தாமரைக்குளம்:
நடக்கவில்லை. நடக்கும் என்று உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நம்பினார்கள். 12:11-ல் பலி நீக்கப்பட்டதிலிருந்து 1290 நாள் என்கிறது. அடுத்த வசனமே 1335 நாள் காத்திருப்பவன் பாக்கியவான் என்கிறது. முதல் கணக்கு கடந்துபோன பிறகு ஒருவர் இரண்டாவதைச் சேர்த்திருக்கிறார், முதலாவதை அழிக்காமல். துன்பத்தின் நடுவே எழுதியது என்பதற்கு இதைவிட நெருக்கமான தடயம் எனக்குத் தெரியவில்லை.

வேதமாணவன்:
நான் அப்படி வாசிக்கவில்லை. முதல் எண் உபத்திரவத்தின் முடிவு, இரண்டாவது ராஜ்யத்தின் தொடக்கம். இடையில் உள்ள 45 நாளுக்கு வேலை இருக்கிறது. 8:14-ல் வரும் 2300 இராப்பகலையும் சேர்த்து வைத்துத்தான் இதைப் பேசவேண்டும், நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.