பன்னிரண்டு முகங்கள், எட்டுப் பலகைகள்: யாரை விடுவது?

மெய்ப்புக்காரன், கொட்டாஞ்சேனை:

முப்பத்தொன்பது வருடம் அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்தவன் நான். இப்போது ஒரு கண் மங்கல். மற்றதை வைத்துக்கொண்டு தங்கையின் மகன் கொண்டுவருவதைத் திருத்திக்கொடுக்கிறேன். ஜூன் கடைசியில் அவனும் நண்பர்களும் வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில் சிறிய கண்காட்சி வைக்கிறார்கள். தன்பாலினத்தவர் உரிமைக்காக முதலில் வாய் திறந்தவர்களின் படங்கள், கீழே தமிழில் நாலைந்து வரிகள். சுவரில் எட்டுப் பலகைகளுக்குத்தான் இடம். பட்டியலிலோ பன்னிரண்டு பேர். யாரை விடுவது?

இன்னொரு தொல்லை எழுத்து நடை. வாசித்தால் செத்தவர் நினைவாக அச்சடிக்கிற அந்தியேட்டிக் கல்வெட்டு போல இருக்கிறது. ‘அஞ்சா நெஞ்சர்’, ‘விடிவெள்ளி’, ‘ஒளிவிளக்கு’. இவற்றை நான் எத்தனையோ கல்வெட்டுகளில் திருத்தியிருக்கிறேன். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு மறந்துபோகிற சொற்கள். பிராங்க் கமேனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டில் வானியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். தன்பாலினத்தவர் என்பதற்காக 1957இல் அமெரிக்க இராணுவ வரைபடப் பிரிவு அவரை வேலையிலிருந்து நீக்கியது. சட்டத்தரணி கைவிட்ட பிறகு உச்ச நீதிமன்ற மனுவைத் தானே உட்கார்ந்து எழுதினார். 1961இல் நீதிமன்றம் அதை எடுக்க மறுத்தது. 1965 ஏப்ரலில் பத்துப் பேராக வெள்ளை மாளிகைக்கு முன்னால் பதாகை பிடித்தார்கள். ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும் அணிய வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை: வேலை கேட்டுப் போகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்கள் போல இருக்க வேண்டுமாம். 2009இல் அரசாங்கம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. இதைச் சொன்னால் போதாதா? விடிவெள்ளி எதற்கு?

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கவும் ஆசை. அது முகமல்ல, சஞ்சிகை. லொஸ் ஏஞ்சலிஸில் தன்பாலினத்தவருக்காக 1953இல் தொடங்கிய ‘ஒன்’. 1954 ஒக்டோபர் இதழை ஆபாசம் என்று தபால் இலாகா மறித்தது. கீழ் நீதிமன்றத்திலும் மேன்முறையீட்டிலும் தோல்வி. 1958 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வாதம்கூடக் கேட்காமல், ஒற்றை வரியில் தீர்ப்பைப் புரட்டிச் சஞ்சிகையை விடுவித்தது. ஆனால் பையன், “முகம் இல்லாத பலகையை யார் பார்ப்பார்கள் மாமா?” என்கிறான்.

அச்சுக்காரன் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை செய்த இடத்துக்கு ஒரு இளைஞர் இதே விடயமாக ஒரு துண்டுப்பிரசுரம் கொண்டுவந்தார். ஒரு பக்கம், மூன்று மொழிகள். தமிழில் ஒரு எழுத்துப்பிழை. பென்சிலால் திருத்தி முதலாளியின் மேசைக்கு அனுப்பினேன். அவர் இரண்டு வரி வாசித்தார், மடித்தார், நுனிவிரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. போகும்போது அந்த இளைஞர் என் பக்கம் திரும்பி, பிழை திருத்தியதற்கு நன்றி சொன்னார்.

சட்டத்தரணி, புதுக்கடை:

ஐயா, அமெரிக்காவிலேயே நின்றுவிடாதீர்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கும் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் 1883இல் வெள்ளைக்காரர் வைத்துவிட்டுப் போனவை. 1995இல் திருத்தம் வந்தபோது 365அ தொலையும் என்று சிலர் நம்பினார்கள். நடந்தது வேறு. ஆணைக் குறித்த சொல்லை எடுத்துவிட்டு ‘ஆள்’ என்று மட்டும் விட்டார்கள். பெண்களும் உள்ளே அகப்பட்டார்கள். ஒரு சொல் செய்கிற வேலை உங்களுக்குத் தெரியாததல்ல.

அதே 1995இல் ஷேர்மன் டி றோஸ் கொழும்பில் ‘கம்பேனியன்ஸ் ஒன் எ ஜேர்னி’ என்ற தன்பாலினத்தவர் அமைப்பைத் தொடங்கினார். 2004இல் ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பைத் தொடங்கிய ரொசானா பிளேமர் கல்தேரா, பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு வரை போனார். இலங்கை அவருடைய உரிமைகளை மீறியது என்று 2022இல் குழு சொன்னது. இந்தப் பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் எங்கள் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சட்டமூலம் சட்டமாகவில்லை. இந்த இருவரும் இல்லாமல் வெள்ளவத்தையில் கண்காட்சி வைத்தால் நான் வரமாட்டேன்!

கறுவாத்தோட்டம் பழையவன்:

படக்கலைஞர் லயனல் வென்ட்டை ஏன் விட்டீர்கள்? 1944இல் இறந்த மனிதர். அவர் எடுத்த ஆண் உடல்களின் படங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கில்போர்ட் கிரசென்டில் அவர் பெயரில் அரங்கே நிற்கிறது. முன்னோடி என்றால் அவர்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, தெஹிவளை:

வென்ட்டின் படங்களை நானும் விரும்புகிறேன் தம்பி. ஆனால் தன்னைப் பற்றி அவர் சொல்லாததைச் செத்தவர் வாயில் நாங்கள் திணிக்கக் கூடாது. கலைஞராக வையுங்கள், இந்தச் சுவரில் வேண்டாம்.

என் விருப்பம் பார்பரா கிட்டிங்ஸ். தன்னைப் போன்றவர்களைப் பற்றி வாசிக்க நூலகம் நூலகமாகத் தேடியதில் பல்கலைக்கழகப் படிப்பையே கோட்டைவிட்ட பெண். கிடைத்ததெல்லாம் நோய் என்று சொன்ன புத்தகங்கள். 1972இல் அமெரிக்க மனநல மருத்துவர் மாநாட்டு மேடையில் கமேனியோடு அமர்ந்தார். கூடவே தன்பாலினத்தவரான ஒரு மனநல மருத்துவரையும் பேச அழைத்துவந்தார். அவர் ரப்பர் முகமூடியும் அளவுக்கு மிஞ்சிய பெரிய கோட்டும் போட்டு, குரலை மாற்றும் ஒலிவாங்கியில் பேசினார். ஜோன் பிரையர் என்ற தன் பெயரைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். அடுத்த வருடம் நோய்ப்பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்தார்கள். முகமில்லாத பலகை வேண்டாம் என்கிற பையனுக்கு அந்த முகமூடியைக் காட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள்: வருகிறவர்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று வாசலில் மும்மொழியிலும் எழுதி வையுங்கள். என் மகளும் வருவாள். அவளுடைய அலுவலகத்தில் இன்னும் தெரியாது.

அந்தத் துண்டுப்பிரசுரத்தில் என்ன பிழை அண்ணை?

மெய்ப்புக்காரன், கொட்டாஞ்சேனை:

எல்லோருக்கும் நன்றி. பையனோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சண்டை பிடித்து ஒரு முடிவுக்கு வந்தோம். ஷேர்மனும் ரொசானாவும் முதல் இரண்டு பலகைகள். பிறகு கமேனி, கிட்டிங்ஸ். முகமூடிப் படத்தைக் கண்டதும் பையன் எதிர்ப்பேச்சு இல்லாமல் பிரையருக்கு ஒரு பலகை கொடுத்தான். 1867இல் மியூனிக்கில் சட்ட அறிஞர்கள் கூச்சலிட்டு இறக்கிவிடும்வரை தன்பாலினத்தவருக்காகப் பேசிய ஜெர்மானியர் உல்ரிக்ஸுக்கு ஒன்று. 1933இல் நாஜிகள் சூறையாடிய பெர்லின் பாலியல் ஆய்வு நிறுவகத்துக்காக, அதை நிறுவிய மருத்துவர் ஹிர்ஷ்பெல்டுக்கு ஒன்று. கடைசிப் பலகை ‘ஒன்’ சஞ்சிகைக்கு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வென்ட் இல்லை. ஆசிரியை சொன்னதுதான் சரி. வாசல் அறிவித்தலை நானே எழுதுகிறேன்.

பிழை என்னவென்றால், ‘உரிமை’யை ‘உறிமை’ என்று எழுதியிருந்தார். பையன் தந்த எழுத்திலும் மூன்றாம் பலகையில் அதே பிழை இருக்கிறது. இன்று இரவு திருத்திவிடுகிறேன்.