ஜவுளிக்கடைப் பெண்களைப் பற்றிக் குறும்படம்: அழுகைப் படமாக ஆகாமல் எப்படி எடுப்பது?

மதுரைக்காரன்: வணக்கம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து பதினைந்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப் போகிறோம், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற பெண்களைப் பற்றி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது, ஆனால் நான் போன கடைகளில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் கதை எப்படியும் ஒரு பெண் மயங்கி விழுவதில்தான் போய் முடிகிறது. எதிர்ப்பைக் காட்ட வேண்டும், அதற்காகக் கோஷம் போடுகிற காட்சி வைத்தால் ஒட்டவில்லை. யோசனை சொல்லுங்கள்.

செல்வி: தம்பி, கல்யாணத்துக்கு முன்னால் நானும் ஒரு கடையில் புடவை செக்‌ஷனில் நின்றவள்தான். அலமாரியில் சாய்ந்தாலே சூப்பர்வைசர் வந்துவிடுவார், சாயங்காலம் கால் வீங்கிச் செருப்பு நுழையாது. ஆனால் நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஒருத்தி புடவையை மடிக்கிற சாக்கில் அகலமாக விரித்துப் பிடிப்பாள், அந்த மறைவில் இன்னொருத்தி குந்திக்கொள்வாள், அப்புறம் முறை மாறும். யாரும் யாரையும் காட்டிக்கொடுத்தது கிடையாது. இதை எடுங்கள், அழுகிற காட்சியே தேவைப்படாது.

கோழிக்கோட்டுத் தமிழன்: செல்வி அக்கா சொன்னதில் இருந்துதான் சங்கமே பிறக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அதற்காகத்தான் விஜி என்ற பெண்ணும் மற்றவர்களும் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். உட்காரும் உரிமையையும் விடாமல் கேட்டார்கள். 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் இடமாற்றத்தை எதிர்த்து வாசலில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. இதெல்லாம் நடந்த பிறகுதான் 2018இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது, தமிழ்நாட்டுக்கு வந்தது அதற்கும் பின்னால். சட்டம் தானாக வந்தது போல உங்கள் படம் காட்டிவிடக் கூடாது.

எடிட்டிங் டேபிள்: கதை சரி, ஆட்களைப் பற்றியும் யோசியுங்கள். 2017இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' ஆவணப்படத்தை எடுத்தபோது துப்புரவுத் தொழிலாளர்களே கேமரா முன்னால் பேசினார்கள், அதுதான் அந்தப் படத்தின் பலம். ஆனால் திரையிடத் தடை, இயக்குநர் மேல் வழக்கு என்று எல்லாம் வந்தது. உங்கள் படத்தில் இப்போது வேலையில் இருக்கிற பெண்ணின் முகம் தெரிந்தால் மறுநாளே அவளுக்கு வேலை இருக்காது. அதனால் நடிகர்களை வையுங்கள், குரலை மட்டும் அந்தக் கடைப் பெண்களிடம் வாங்குங்கள், கடைப் பெயர் ஒரு பையில்கூடத் தெரியக் கூடாது. எடுத்து முடித்ததும் விழாக்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்கிற காட்சியை வெட்டுங்கள்.

மதுரைக்காரன்: செல்வி அக்கா, அந்தப் புடவைக் காட்சியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? ஒத்திகைக்கு நீங்களே வந்து எப்படிப் பிடிப்பீர்கள் என்று காட்டினால் நன்றாக இருக்கும்.

செல்வி: வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறேன், கூட வேலை பார்த்த இரண்டு பேரையும் கூட்டி வருகிறேன்.