பனைமரங்களை வெட்டாமல் ஒரு சைக்கிள் பூங்கா: ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. பிள்ளைகள் சைக்கிளும் பேட்டரி கார்ட்டும் (தாழ்வான சிறு நான்கு சக்கர வண்டி) ஓட்டி மகிழ அதில் ஒரு பூங்கா அமைக்கப் போகிறோம். பெட்ரோல் வண்டி ஒன்றுகூட உள்ளே வராது.

நிலத்தின் நடுவில் ஏழு பனைமரங்கள். ஒன்றின் ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடிக்கொண்டிருக்கின்றன. பாதைதான் அவற்றைச் சுற்றி வளைய வேண்டும்.

சைக்கிளுக்கு 'பம்ப் டிராக்' எனும் மேடுபள்ளப் பாதையை மண்ணிலேயே போட எண்ணம். பெடலை மிதிக்காமல், உடலைத் தாழ்த்தி எழுப்பியே அதில் வண்டியை உந்திச் செல்லலாம். ஆனால் ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மேடுகள் கரைந்துவிடுமே! ஓரச் சரிவுகளில் தென்னைநார் வலை விரித்துப் புல் வளர்த்தால் போதுமா? செம்மண்ணில் சுண்ணாம்பு எந்த அளவில் கலக்க வேண்டும்? கார்ட் பாதைக்கு, மழைநீர் மண்ணில் இறங்கும்படியான தளம் எது? பழைய டயர்களை ஓரத் தடுப்பாக வைக்கும் யோசனையைக் கைவிட்டோம்; தண்ணீர் தேங்கிக் கொசு பெருகும்.

விளைநிலத்தை இதற்குப் பயன்படுத்த அனுமதி பெற்றவர்கள் இருந்தால், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். நேரில் வந்து நிலத்தைப் பார்ப்பவர்களுக்கு எங்கள் தோப்பு இளநீர் காத்திருக்கிறது.