சோலார் வேலையில் சேரப் போகிறவர்களுக்கு

புதிதாக வந்த நாட்டில் சோலார் பேனல் பொருத்தும் வேலைக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் ஊரில் பத்து வருஷம் வயரிங் பார்த்தவராக இருந்தாலும், முதலில் உதவியாளராகத்தான் சேர வேண்டியிருக்கும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலியாவில் மின் இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் கொடுக்க வேண்டும். அங்கே கட்டுமான வேலையில் கால் வைக்கவே ஒயிட் கார்டு, அதாவது பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான அட்டை, வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். "நீ சும்மா கனெக்‌ஷன் கொடு, நான் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன்" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். விசாவும் உயிரும் உங்களுடையவை.

உடம்புக்கு இது கடினமான வேலை. ஒரு பேனல் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். கனத்தையாவது சமாளித்துவிடலாம், காற்றைத்தான் சமாளிக்க முடியாது. கையில் பிடித்த பேனல் பாய்மரம் மாதிரி ஆளையே இழுக்கும். அதனால் கூரையில் ஏறும்போது ஹார்னஸை (விழாமல் தாங்கும் பாதுகாப்பு வாரை) போட்டால் மட்டும் போதாது, அதன் கயிற்றைக் கூரையில் பொருத்திய நங்கூரத்தில் மாட்டியிருக்கிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துப் பாருங்கள். "ஐந்து நிமிட வேலைதானே" என்று மாட்டாமல் ஏறுகிறவரோடு சேர்ந்து ஏறாதீர்கள்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது பேனலிலிருந்து வரும் டிசி மின்சாரத்தை, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தைப் பற்றித்தான். வீட்டு வயரிங்கில் மெயினை அணைத்துவிட்டால் நிம்மதி. இங்கே அப்படி இல்லை. வெயில் இருக்கும்வரை பேனலில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். பத்து பேனலை வரிசையாகக் கோர்த்தால் 400 வோல்ட் சாதாரணமாக வரும், குளிர் நாளில் இன்னும் ஏறும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினார் என்று, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேனல் வயர்களை இணைக்கும் ஒரு கனெக்டரைக் கழற்றினேன். இரண்டு முனைக்கும் நடுவில் நெருப்பு நாக்கு போல நீண்டது. கையுறையின் விரல் நுனி உருகிப்போனது. வீட்டு வயரிங்கில் திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு தடவைக்குக் குறையாமல் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருவதால் பொறி தானே அணைய வழி உண்டு. டிசிக்கு அந்த இடைவெளியே கிடையாது, பொறி பிடித்துக்கொண்டு நிற்கும். அன்றிலிருந்து என் வரிசை மாறியதே இல்லை: முதலில் டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரை நிறுத்துவேன், அப்புறம் டிசி ஐசோலேட்டர் என்ற துண்டிக்கும் சுவிட்சை அணைப்பேன், அப்புறம் வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பூஜ்யம் வருகிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் கனெக்டரில் கை வைப்பேன். வேறு வேறு கம்பெனி கனெக்டர்களை ஒன்றோடொன்று செருகாதீர்கள். "கிளிக்" என்று உட்கார்ந்தாலும் உள்ளே தொடர்பு சரியாக இருக்காது, மாதக்கணக்கில் சூடேறித் தீப்பிடிக்கும்.

திசையும் குழப்பும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள நாட்டில் பேனல் வடக்கைப் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பழக்கதோஷத்தில் தெற்கு என்று சொல்லிவிடாதீர்கள்.

சம்பளத்தை வெறும் ரொக்கமாகக் கையில் வாங்காமல் சம்பளச் சீட்டோடு வாங்குங்கள். எந்த வீட்டில், எத்தனை பேனல், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் உரிமத்துக்காக அனுபவத்தைக் காட்டச் சொல்லும்போது அந்தச் சீட்டும் நோட்டும் கையில் இருக்கும்.