முதல் கார், கிறிப்பில் ஒன்றும் இல்லை: 10 வீதமா, 14 வீதமா?

சுன்னாகத்தான்:
வணக்கம். வயது 24. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் தனியார் நிறுவனம் ஒன்றில் இரண்டு வருடமாக வேலை. ஈபிஎஃப் கழித்துக் கைக்கு 95,000 வருகிறது. சேமிப்பில் 15 இலட்சம் இருக்கிறது. இதுவரை கடனோ கடன் அட்டையோ எடுத்ததில்லை. 2015 ஆல்டோ ஒன்றுக்கு 34 இலட்சம் சொல்கிறார்கள். மிச்சம் 19 இலட்சத்தை லீசிங் போடலாம் என்று யோசனை. நிதி நிறுவனம் ஒன்று 10 வீதம் என்கிறது, வங்கி 14 வீதம் என்கிறது. இரண்டும் 48 மாதம். வங்கியில் "கிறிப்பில் (கடன் தகவல் பணியகத்தின் பதிவில்) உங்களுக்கு ஒன்றுமே இல்லை, இரண்டு பிணை வேணும்" என்கிறார்கள். கிறிப் வெறுமையாக இருப்பது கூடாதா? 10 வீதத்தையே எடுக்கலாமா? தெரிந்த அண்ணைமார் சொல்லுங்கோ.

கணக்கர்:
தம்பி, கையெழுத்து மட்டும் இப்ப வைக்காதையும். அந்த 10 வீதம் பிளாற் வட்டியாத்தான் இருக்கும், அதாவது கடைசி மாதம் வரைக்கும் முதலில எடுத்த முழுத்தொகைக்கும் போடுற வட்டி. வங்கி சொன்ன 14, கட்டாமல் மிச்சமிருக்கிற மீதிக்கு மட்டும் போடுற வட்டி. ரெண்டும் வேற வேற அளவுகோல்.

கணக்குக்காகக் கடன் 18 இலட்சம் எண்டு வைச்சுப் பாருங்கோ. பிளாற் 10 வீதம் எண்டா வருசத்துக்கு 1,80,000, நாலு வருசத்துக்கு 7,20,000. முதலோட சேர்த்து 25,20,000. அதை 48 ஆல பிரிச்சா மாதம் 52,500. மீதிக்கு 14 வீதம் எண்டா மாதம் ஏறத்தாழ 49,190 தான். 48 மாதத்தில ஒண்டரை இலட்சத்துக்கு மேல வித்தியாசம், அதுவும் "கூடின வட்டி"யில குறைஞ்ச காசு! பிளாற் 10ஐ மீதி வட்டியா மாத்தினா அண்ணளவா 17.6 வீதம் வரும்.

காரணம் இதுதான். பிளாற்றில ஒவ்வொரு தவணையிலயும் 37,500 முதல், 15,000 வட்டி. கடைசி மாதம் நீர் குடுக்கவேண்டிய முதல் வெறும் 37,500. அந்த 37,500க்கு ஒரு மாத வட்டியா 15,000 கட்டுறீர். வங்கிக் கணக்கில முதல் மாத வட்டி 21,000, அடுத்த மாதம் 20,670, அப்பிடியே இறங்கிக்கொண்டு போகும்.

அதால வீதத்தைக் கேக்காமல் நாலு விசயத்தை எழுதித் தரச் சொல்லும்: கைக்கு வாற தொகை, மாதத் தவணை, எத்தனை மாதம், முதல் நாளில கழிக்கிற கட்டணங்கள் (ஆவணச் செலவு, மதிப்பீட்டுக் கூலி, முத்திரை வரி). எந்த இடத்திலயும் இதே நாலை வைச்சு ஒப்பிடலாம். "முன்கூட்டியே கட்டி முடிச்சா எவ்வளவு?" எண்டு 24ஆம் மாதத்துக்கு ஒரு தொகையும் கேளும். சில இடங்களில மிச்ச வட்டியில பெரும்பகுதியைக் கட்டச் சொல்லுவினம், அது ஒப்பந்தத்தின்ர பின்பக்கத்தில சின்ன எழுத்தில கிடக்கும்.

வடமராட்சியாள்:
கிறிப் பற்றி. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான கடன் தகவல் பணியகம் அது. யாரையும் கறுப்புப் பட்டியலில் போடும் வேலை அதற்கில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் பதிவை அப்படியே வைத்திருக்கும், கடன் தருவதா இல்லையா என்பதை நிறுவனம் தீர்மானிக்கும். வெறுமையாக இருப்பது குற்றமில்லை. ஆனால் நீங்கள் ஒழுங்காகக் கட்டுவீர்கள் என்பதற்கு அவர்கள் கையில் சான்று ஒன்றும் இல்லை, அதனால்தான் பிணை கேட்கிறார்கள்.

முதலில் உங்களுடைய அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். வங்கிக் கிளையூடாகவும் எடுக்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். யாருக்காவது எப்போதோ பிணை நின்று மறந்திருந்தால் அதுவும் அதில் வரும். பிறகுதான் விண்ணப்பியுங்கள். ஐந்து இடத்தில் ஒரே கிழமையில் விண்ணப்பம் போட்டால் அந்த ஐந்து விசாரணையும் அறிக்கையில் தெரியும், ஆறாவது இடத்தில் இருப்பவர் "மற்றவர்கள் ஏன் கொடுக்கவில்லை" என்றுதான் யோசிப்பார்.

பதிவு உண்டாக்க ஒரு சுலபமான வழி: ஒரு இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டு, அதன் மேல் சிறிய வரம்புள்ள கடன் அட்டை கேளுங்கள். மாதம் ஐயாயிரம், ஆறாயிரத்துக்குப் பாவித்து, திகதி தவறாமல் முழுத்தொகையையும் கட்டுங்கள். "குறைந்தபட்சத் தொகை" கட்டிக்கொண்டு போனால் வட்டிதான் மிஞ்சும்.

பிணைக்கு வருபவர்கள் விடயத்தில் வெளிப்படையாக இருங்கள். நீங்கள் தவறினால் அவர்களுடைய பதிவும் கெடும், அவர்கள் வீட்டுக்கடன் கேட்கும்போது உங்கள் கார் குறுக்கே நிற்கும். மாமாவோ ஒன்றுவிட்ட அண்ணனோ உறவுக்காக ஓம் என்று சொல்லிவிடுவார், தவணைத் தொகையை எழுதிக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்பதுதான் மரியாதை.

கையில் வைத்திருக்க வேண்டியவை: அடையாள அட்டை, கிராம அலுவலர் கடிதம், மூன்று மாதச் சம்பளப் பட்டியல், வேலைத்தலக் கடிதம், ஆறு மாத வங்கிக் கூற்று, டின் (வரி செலுத்துநர்) இலக்கம். சம்பளம் வந்த அன்றே முழுவதையும் எடுத்துவிடும் கணக்கு வங்கிக்காரருக்குப் பிடிக்காது.

சுன்னாகத்தான்:
நன்றி அண்ணை. இன்னொன்று. நிதி நிறுவனம் வாகனத்தின் மதிப்பில் 60 வீதம் தரலாம் என்றது. 34 இலட்சத்தில் 60 என்றால் 20 வருகிறதே, எனக்கு 19 தானே வேணும்?

ரயரும் ரியூப்பும்:
அங்கதான் கனபேர் மாட்டுப்படுறவை. 60 வீதம் அவையின்ர மதிப்பீட்டாளர் போடுற தொகைக்கு, தரகர் சொல்லுற விலைக்கில்லை. மதிப்பீடு 30 எண்டு வந்தா 60 வீதம் 18 தான். 34 குடுக்க மிச்சம் 16ஐ உம்மட கையால போடவேணும். அதுக்கு மேல முழுக்காப்புறுதி (லீசிங் எண்டா மூன்றாந்தரப்பு காணாது), பெயர் மாத்தச் செலவு, ரயர் தேய்ஞ்சிருந்தா அதுவும். 15 இலட்சம் கிட்டவும் வராது. அட்வான்ஸ் குடுக்க முந்தி மதிப்பீட்டைச் செய்யும், இல்லாட்டி "மதிப்பீடு குறைஞ்சா அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்" எண்டு எழுதி வாங்கும்.

காப்புறுதியை நிறுவனம் தானே போட்டுத் தவணையோட சேர்க்கப் பாக்கும். வெளியில விலை கேட்டு ஒப்பிடும். சந்தை மதிப்புக்குக் குறைய போட்டு பிரீமியம் மிச்சம் பிடிக்கப்படாது, மோதி நட்டம் கேட்டா அதே விகிதத்தில வெட்டுவினம்.

கடதாசி பாக்கேக்குள்ள சீ.ஆரில (வண்டியின்ர பதிவுச் சான்றிதழில) இருக்கிற செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில டோர்ச் அடிச்சு எழுத்தெழுத்தாப் பாரும். எஞ்சின் மாத்திப்போட்டுப் பதியாமல் விட்ட வண்டிக்கு லீசிங் நிண்டுபோகும். சீ.ஆரில அப்சலூற் ஓனர் (கடன் முடியுமட்டும் உரிமை வைச்சிருக்கிற நிறுவனம்) எண்ட இடத்தில பழைய நிறுவனத்தின்ர பெயர் இருந்தா, கடன் முடிஞ்ச கடிதமும் பெயர் நீக்கமும் வாங்காமல் காசு குடுக்காதையும். "திறந்த பேப்பர்"ல, நடுவில நாலு கை மாறி, பதிவில இன்னும் முதலாம் ஆளின்ர பெயர் இருக்கிற வண்டியைத் தொடவே வேண்டாம். மாற்றப் படிவத்தில பதிவில இருக்கிற ஆளின்ர கையெழுத்துத்தான் செல்லும்.

கரையோரத்தில ஓடின வண்டியெண்டா கால்மிதி மற் எல்லாத்தையும் தூக்கி, அடிப்பக்கத்தையும் கதவுக்குக் கீழயும் பாரும். உப்புக்காத்து உள்ளுக்க இருந்து தின்னும், மேல பெயின்ற் பளபளக்கும்.

கணக்கர்:
இப்ப முக்கியமான கேள்வி: 95,000 சம்பளத்தில, 18 இலட்சத்துக்கே வாற 49,190 தவணை பாதிக்கு மேல. பெற்றோல் மாதம் 40 லீற்றர், லீற்றர் 300 எண்டு வைச்சாலே 12,000. சேவிஸ், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாம் அதுக்குப் பிறகு. வங்கி மறுத்தா அது உமக்கு நல்லது எண்டுதான் நான் நினைக்கிறன்.

இப்பிடிச் செய்யலாம். ஒரு வருசத்துக்கு மாதம் 35,000ஐத் தவணை மாதிரி, சம்பளம் வந்த மறுநாளே வேற கணக்குக்கு மாத்தும். ஒரு மாதம் தவறினாலும் காரின்ர தவணை தவறினதாகத்தான் கணக்கு. வருச முடிவில 4,20,000 சேரும், 15ஓட 19.2 இலட்சம். இந்த 12 மாத வங்கிக் கூற்றே வங்கிக்குக் காட்ட நல்ல சான்று. பிறகு 30 இலட்சத்துக்குள்ள ஒரு வண்டி பாத்தா 10.8 இலட்சம் கடன் போதும். அதே 14 வீதம், 48 மாதமெண்டா 29,500 சொச்சம்.

சுன்னாகத்தான்:
இடையில் அம்மாவின் நகையை வங்கியில் அடகு வைத்தால்? அல்லது ஸ்பீட் டிராஃப்ட் என்று வாகனத்தின் மேல் தரும் கடனை எடுக்கச் சொல்கிறார்கள், மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதுமாம்.

வடமராட்சியாள்:
ஸ்பீட் டிராஃப்ட் வேண்டாம். வட்டி மட்டும் கட்டினால் முதல் ஒரு சதமும் குறையாது. கடன் காலம் முடிகிற அன்று முழு முதலையும் ஒரே தடவையில் கேட்பார்கள், அதற்குள் காரின் விலை இறங்கியிருக்கும். வியாபாரி பொருள் வாங்கி மூன்று மாதத்தில் விற்று அடைக்கலாம். சம்பளக்காரருக்கு அது பொருந்தாது.

நகை விடயத்தில், அடகுக் காசும் கடன்தான். காரின் தவணையோடு அதன் வட்டியும் ஓடும், மீட்கும் காலம் தவறினால் ஏலத்துக்குப் போகும். காப்புறுதி, பெயர் மாற்றம் போன்ற சின்னக் குறைக்கு மூன்று, நாலு மாதத்தில் மீட்கும் தொகையாக மட்டும் வைக்கலாம். முற்பணத்தை நகையில் கட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் யாராவது தருவதாக இருந்தால் அதை உங்கள் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். கையால் வந்த காசுக்கு வங்கியில் விளக்கம் சொல்லுவது கஷ்டம்.

நிதி நிறுவனத்துக்குப் போவதானால், அது அனுமதி பெற்ற நிறுவனமா என்று மத்திய வங்கியின் இணையத்தளத்திலுள்ள பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

சுன்னாகத்தான்:
சரி அண்ணைமார், அட்வான்ஸ் கொடுக்கவில்லை. நாளைக்கு வங்கியில் கிறிப் அறிக்கைக்கும் வைப்பின் மேல் அட்டைக்கும் கேட்கிறேன். 35,000ஐ இந்த மாதச் சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன்.