அசிமெட்ரிக் வேக்போர்டு: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

படகு கயிற்றால் இழுக்க, பக்கவாட்டில் நின்று நீரில் சறுக்கும் வேக்போர்டுக்கு 'அலைத்தடப் பலகை' நல்ல சொல். ஓட்டுபவர் ஏறித் தாவுவதே படகு விட்டுச்செல்லும் அலையில்தான். ஆனால் அசிமெட்ரிக் வகையைச் 'சமச்சீரற்ற பலகை' என்பது போதாது. மூக்கும் (முன்முனை) வாலும் (பின்முனை) வேறுபட்ட பலகையும் சமச்சீரற்றதே. நாம் பேசுவது கால்விரல் பக்க ஓரமும் குதிகால் பக்க ஓரமும் வேறுபட்ட பலகையை.

இதற்குக் காரணம் நம் பாதம்தான். கணுக்கால் மூட்டு குதிகாலுக்கு அருகில் இருப்பதால், விரல் பக்கம் நெம்புகோல் நீளமாக அமைகிறது. பலகையின் சாய்வை நுட்பமாகக் கூட்டிக் குறைக்கலாம். குதிகால் பக்கம் அது அவ்வளவு எளிதல்ல. இடுப்பைத் தாழ்த்தி, கயிற்றின் இழுப்புக்கு எதிராக உடல் எடையைச் சாய்த்தே ஓரத்தை அழுத்த வேண்டும். விரல் பக்கத்துக்கும் ஒரு குறை உண்டு: கைப்பிடி இடுப்பை விட்டு விலகினால் தோள் இழுபட்டு, பலகை தட்டையாகி, நீரில் ஓரத்தின் பிடி நழுவும்.

ஆகவே ஓர் ஓரத்தை நேராகவும் கூராகவும், மற்றதை வளைவாகவும் மழுங்கலாகவும் வார்க்கிறார்கள். அல்லது பலகையின் அடியில் நீட்டி நிற்கும் அடித்துடுப்புகளை (fin) ஓரத்துக்கு ஓரம் மாற்றுகிறார்கள். எந்த ஓரத்துக்குப் பிடி கூடுதல் என்பது வடிவமைப்பாளருக்கு வடிவமைப்பாளர் மாறும். எனவே பெயரில் 'கூர்', 'பிடி' வேண்டாம். என் பரிந்துரை: வேற்றோரப் பலகை.

— மொரீஷியஸின் கிராண்ட் பேயிலிருந்து

ஐயா, வணக்கம்.

வேறுபாட்டை ஓரத்தில் வைத்தது மிகச் சரி. ஆனால் வேற்றூர், வேற்றாள் என்று பழகிய காதுக்கு 'வேற்று' அயலாகவே ஒலிக்கும். 'இருவேறு ஓரப் பலகை' கேட்டதும் விளங்கும். கூடவே 'விரலோரம்', 'குதியோரம்' இரண்டையும் சேர்க்க வேண்டும். தென்கிழக்குக் காற்று வீசும்போது படகிலிருந்து கூவிச் சொல்ல இந்தக் குறுஞ்சொற்களே உதவும்.

இடக்கால் முன்வைப்பவரும் வலக்கால் முன்வைப்பவரும், மூக்கும் வாலும் ஒத்த இருவேறு ஓரப் பலகையைப் பகிரலாம். திசை மாற்றி ஓட்டினாலும் விரலோரம் விரலடியிலேயே இருக்கும். பாதத்தைப் பலகையோடு பிணைக்கும் காலணிக் கட்டுகளை எதிர்ப்புறம் பார்த்துப் பூட்டினால்தான் கேடு. திருகுதுளைகள் பெரும்பாலும் அதைத் தடுப்பதில்லை. குதிக்கென வார்த்த கூரான ஓரம் விரலடியில் வந்தால், லேசான சாய்விலேயே நீரைக் கவ்வி ஆளை முகம் குப்புறத் தள்ளும்.

பூட்டும் முன் பலகையைக் கவிழ்த்து, மூக்கிலிருந்து வால் வரை நடுக்கோடு இழுங்கள். 20 செ.மீ.க்கு ஒருமுறை கோட்டிலிருந்து இரு ஓரங்களுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். தூரம் ஒத்திருந்தால் துடுப்பின் நீளத்தையும் ஓரத்தின் கூர்மையையும் ஒப்பிடுங்கள். பிறகு தயாரிப்பாளரின் படத்தைப் பார்த்து, மேற்பரப்பில் 'விரலோரம்' என்று எழுதிவிடுங்கள்.

பவளத்திட்டு சூழ்ந்த நம் லகூனில் (கடற்கழியில்) நீர் வற்றும் வேளையில் நீண்ட துடுப்பு பவளத்தில் இடிக்கும். திருகாணியால் பொருத்திய துடுப்பானால் கழற்றலாம். பலகையோடு சேர்த்து வார்த்ததைக் கழற்ற முடியாது. 'திருகுதுடுப்பு', 'வார்ப்புத்துடுப்பு' என இரண்டையும் பிரித்தே பதிவு செய்யலாமா?

— மாயேபூரிலிருந்து